ஒரு கையால் ஆடும் விளையாட்டுகள்

என் அக்காவுக்கு விளையாட்டுகளில் ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் மூன்றரை வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் அவள் கம்ப்யூட்டரில் விளையாடினாள். அந்த விளையாட்டுகளைத் தேடிப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவளுக்கென்று நான் செய்தது அது ஒன்றுதான். செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் ஒரு சீன முதலாளியின் கம்ப்யூட்டர் கடையில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது, அக்காவுக்கு முப்பத்தைந்து. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அக்கா எஸ்டேட் லயத்தில் வளர்ந்து, பதினெட்டு வயதில் பேக்டரி பஸ் ஏறி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சில்லுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனவள். நான் கம்ப்யூட்டர் படித்ததே அவள் சம்பளத்தில்தான். பிறகு ஒரு லோரி டிரைவரைக் கட்டிக்கொண்டு ரெம்பியாவுக்குக் குடிபோனாள். பிள்ளை இல்லை. மாமா பாதி நாள் ஜோகூர் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம்தான் அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி மெஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. மலாக்கா டவுனில் ஒரு தர்ம நிலையத்தில் இடம் கிடைத்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே ஒரு குணத்தைச் சொன்னால் போதும். யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் அப்பா குடிகாரர். மாலையில் அவரிடம் ஒன்றும் வேலைக்காகாது. அம்மா கேட்டுக் கேட்டுச் சண்டை போடுவாள். நான் புதுச் சப்பாத்துக்கு அழுவேன். அக்கா மட்டும் பென்சில்களைச் சேர்த்து வைத்திருந்து, சீவிக் கொடுங்கப்பா என்று நீட்டுவாள். அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற கத்தியை எடுத்து, ஆடிக்கொண்டே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஊசிபோலச் சீவித் தருவார். எவ்வளவு போதையிலும் அந்தக் கை தவறாது. அன்றைக்கு அவர் மகளுக்கு ஒன்றைச் செய்துவிட்டார் என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்பாவிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் அவள்தான்.

ரெம்பியாவிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் ஒரு வயதான மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவருக்குக் கால் முட்டி போய்விட்டது, எழுந்து நடமாட முடியாது. அவரிடம் அக்கா தினமும் கறிவேப்பிலை கேட்பாள். மாக்சிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டுகிற மரம் அது. கறிவேப்பிலை அக்கா வீட்டுப் பின்புறத்திலும் இருந்தது. நான் அதைக் கேட்டபோது சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மெஷினில் சேருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்படியில் நின்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாற்றுக் கிட்னி வைத்தால் மெஷினே வேண்டாமாம். மாமாவின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர், அதனால் எடுக்க மாட்டார்கள். "கூடப்பொறந்தவங்க குடுத்தா நல்லா சேருமாம்மா" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, கடையில் அவசர வேலை என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

ஆயர் குரோ ஏரிக்கரையில் மோட்டாரின் மேலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டிருந்தாள். அம்மா சோறு போட்டுக்கொண்டே, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "மொதல்ல ஒன் கல்யாணம் முடியட்டும்யா" என்றாள். நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம்.

மறுவாரம் அக்கா கடைக்குப் போன் செய்தாள். கிட்னியைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தே எடுத்தேன். அவள் கேட்டது வேறு. "தம்பி, அங்க நாலு மணி நேரம் சும்மா படுத்துக் கெடக்கணும்டா. இருக்கறது ஒரு டிவி, அதுலயும் சீன நாடகம்தான். ஒங்க கடையில பழைய லேப்டாப்பு ஏதும் கெடந்தா கேம் போட்டுக் குடேன். நேரம் போவணும், அவ்ளோதான்லா."

அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

கடையில் ஒரு லேப்டாப் இருந்தது. யாரோ ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு பழுதுக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனது. சாம்பல் நிறத் திரை, கலர் கிடையாது. பாட்டரி செத்துவிட்டது, சுவரில் பிளக் போட்டால்தான் உயிர் வரும். சீடி போட வழியில்லை, டிஸ்கெட் மட்டும்தான். அந்தக் காலத்திலேயே அது கிழம். முதலாளி எடுத்துக்கொண்டு போ என்றார்.

அதில் ஓடுகிற விளையாட்டைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. கடையில் அப்போது பையன்கள் கேட்பதெல்லாம் சுடுகிற, ஓடுகிற, கலர் கலரான விளையாட்டுகள். அதில் ஒன்றுகூட இந்த மெஷினில் அசையாது. அசைந்த ஒன்றிரண்டையும் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை போனால் அக்கா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குறை வைத்திருந்தாள். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றி மெஷினோடு இணைத்திருப்பார்கள், அந்தக் கையை அசைக்கவே கூடாது. மிச்சமிருப்பது வலது கை ஒன்று. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கச் சொல்லும் விளையாட்டு அவளுக்கு ஆகாது. மணியடித்து அவசரப்படுத்துவதும் ஆகாது, ஏனென்றால் திடீரென்று பிரஷர் இறங்கிக் கண் இருட்டும், அப்போது அப்படியே விட்டுவிட்டுப் படுக்க வேண்டும். சிவப்புப் பாசிமணியையும் பச்சைப் பாசிமணியையும் சேர்க்கச் சொன்ன விளையாட்டில், சாம்பல் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு நாள் முழுக்கத் தப்பாகவே சேர்த்துக்கொண்டிருந்தாளாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முடிந்துவிடுவது. ஊரெல்லாம் விளையாட்டை எப்படி ஜெயிப்பது என்று கேட்கும். அக்கா மட்டும் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டாள். பசாரில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு டிஸ்கெட்டாகக் கேட்டு வாங்குவாள். ஒரு குகைக்குள் புதையல் தேடும் விளையாட்டை இரண்டே நாளில் முடித்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

நான் ஒரு தடவை லேப்டாப்பைத் திட்டினேன். இந்தக் கிழட்டு மெஷினை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்றேன்.

"அதத் திட்டாதடா. அதால என்னா முடியுமோ அத மட்டும் கேக்கணும்" என்றாள் அக்கா.

லேப்டாப்பைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது. தரையில் குனிந்து பிளக்கைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

கடைசியில் இரண்டு விளையாட்டுகள் நிலைத்தன. ஒன்று ஊர் கட்டும் விளையாட்டு. ரோடு போட்டு, வீடு கட்டி, தண்ணீர் கொடுத்து ஊரை வளர்க்க வேண்டும். ஊர் பெரிதானால் லேப்டாப் திணறி நின்றுவிடும். மற்றவர்களாக இருந்தால் எரிச்சலில் விட்டுவிடுவார்கள். அக்கா ஊரைச் சிறியதாகவே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், அதற்குமேல் ஆள் சேர்க்க மாட்டாள். பக்கத்து நாற்காலியில் கோலா சுங்கை பாருவிலிருந்து வரும் ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக் என்போம், முன்பு மீன்பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் எட்டி எட்டிப் பார்த்து, உன் ஊரில் ஏன் கடலே இல்லை என்று கேட்டிருக்கிறார். அக்கா அந்த ஊரை அழித்துவிட்டுக் கடற்கரை உள்ள நிலமாகப் பார்த்து முதலிலிருந்து கட்டினாள். படகுத்துறை எங்கே வர வேண்டும் என்று அவரைக் கேட்டுக் கேட்டு வைத்தாள். அவருக்கும் நாலு மணி நேரம் போயிற்று.

சில மாதங்கள் கழித்து அந்த நாற்காலியில் வேறொருவர் படுத்திருந்தார். பாக்சிக் எங்கே என்று நான் கேட்கவில்லை. அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. அக்கா அன்றைக்கு ஊர் விளையாட்டைத் திறக்கவில்லை, சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சதுரங்கம்தான் இரண்டாவது. எதிரில் கம்ப்யூட்டர் ஆடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆட வேண்டும் என்று நாம் அளவு வைக்கலாம். அக்காவுக்குக் காய் நகர்த்தத் தெரியுமே தவிர ஆட்டம் தெரியாது. ஆனாலும் அளவை உச்சியில் வைத்துவிட்டாள். அந்தச் சின்ன மூளை ஒரு காய் நகர்த்தப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் யோசிக்கும். திரையில் ஒரு மணல் கடிகாரம் நிற்கும். அக்கா கண்ணை மூடிக்கொள்வாள், இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். நான் சும்மா இருக்காமல் அளவைக் குறைத்து வைக்கட்டுமா என்று கேட்டால், "யோசிக்கட்டும்டா, பாவம்" என்பாள். நாலு மணி நேரத்தில் மொத்தம் பன்னிரண்டு காய் நகர்ந்திருக்கும். எல்லா ஆட்டத்திலும் தோற்றாள்.

நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு மெஷின் இல்லாத நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். அவளுடைய இடது கையில் மெஷினுக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்துக்கொண்டிருக்கும், தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விரலில் தெரியும். பெண் வீட்டார் பார்த்து ஏதாவது கேட்டுவிடப் போகிறார்களே என்று அம்மா அவளுக்கு முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். அக்கா மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். நான் முதல் முடிச்சுப் போட்டேன். மிச்ச இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் அக்காதானே போட வேண்டும். எனக்குப் பின்னால் நின்று போட்டாள். அந்தப் புழுக்கத்தில் அவள் முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம் என்பதால் வாயில் ஐஸ் துண்டு ஒன்றை அடக்கி வைத்திருந்தாள்.

கல்யாணம் முடிந்ததும் அம்மா, முதல் தீபாவளி போகட்டும் என்றாள். தீபாவளி போனதும், ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்றாள். அவளும் பெற்றவள்தான், அவளுக்கும் இரண்டு பக்கமும் இழுத்திருக்கும். நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் மனசு கேட்காமல் கலர் திரை வைத்த ஒரு வேகமான லேப்டாப்பைத் தவணையில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் நகத்துன ஒடனே அடிச்சிடுதுடா. மூச்சு வுட நேரமில்ல" என்றாள். பழையதே போதும் என்றாள். உன் பெண்டாட்டிக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்றும் சொன்னாள். நான் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. வாங்கிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கூடப்பிறந்தவன் கிட்னி கொடுக்கலாம் என்ற விஷயம் என் மனைவிக்குத் தெரிந்தது மூன்றாவது வருஷத்தில், அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது. அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மனைவி நேராக என்னிடம் வந்தாள். அவள் வீட்டார் தடுப்பார்கள், அவள் அழுவாள் என்றெல்லாம் நான் கல்யாணமான நாளிலிருந்து எனக்குள்ளே சொல்லி வைத்திருந்தேன்.

"நான் வேணாம்னா சொல்லப்போறேன்? என்ன யாருமே கேக்கலியே" என்றாள்.

இனி ஒளிந்துகொள்ள ஆளில்லை. அடுத்த புதன்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். அக்கா இல்லாத நாள். அங்கே ஒரு தமிழ் மிஸி இருந்தார். நர்ஸை நாங்கள் மிஸி என்போம். வாரா வாரம் என்னைப் பார்க்கிறவர், ஆனால் பெயர் கேட்டதில்லை. நான் அக்கா அக்கா என்று கூப்பிடுவேன், அங்கே அவரும்கூட அக்காவை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அம்மா கால் வலியால் அங்கே வந்ததே இல்லை. மாமா கொண்டுவந்து விட்டால் வாசலோடு போய்விடுவார்.

மிஸியிடம், அக்காவுக்குக் கிட்னி கொடுக்க எங்கே போய்ச் சோதனை செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் அக்காவின் பைலை எடுத்து வந்தார்.

"சொந்தக்காரங்ககிட்டதான் எடுப்பாங்க. அவங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லியே" என்று முதல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

உடன்பிறந்தவர்கள் என்று கேட்டிருந்த இடத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து. பேக்டரி பாரம் எழுதி எழுதிப் பழகிய பெரிய எழுத்துகள். அவள் அங்கே சேர்ந்த முதல் நாள், முதல் தாள். நான் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த செவ்வாய். இத்தனை நாளும் அவள் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் இரண்டே நாளில் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, என்னால் ஆகக்கூடிய ஒன்றைக் கேட்டுப் போன் செய்திருக்கிறாள்.

"நீங்க அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர்தானே?" என்றார் மிஸி.

நான் அவங்க தம்பி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் வரவில்லை. வெட்கத்தால் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. தாளிலேயே எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய முடியும் என்கிற நிம்மதி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மிஸி என் கையைப் பிடித்து, அந்நியராக இருந்தும் கேட்டீர்களே, நல்ல மனசு என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து, என் ரத்தமும் சேரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை டிஸ்கெட்டோடு போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் போகாவிட்டால் அக்காவுக்கு நாலு மணி நேரம் எப்படிப் போகும்? ஊசி ஏற்றிவிட்டு நிமிர்ந்த மிஸி என்னைக் கண்டதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புதன்கிழமை இவர் வந்தார், உங்களுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று கேட்டார், சொந்தமில்லை என்பதால் முடியாது என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வந்ததும், வந்துவிட்டு யாரோபோலத் திரும்பிப் போனதும், இரண்டுமே அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் மிஸி பக்கம் திரும்பினாள்.

"ஆமா மிஸி, ரொம்ப நல்ல புள்ள. கூடப்பொறந்த தம்பி மாதிரி" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. நான் அங்கே நிற்பதற்கு ஓர் இடம் செய்து கொடுத்தாள். நான் அதில் நின்றுகொண்டேன். டிஸ்கெட்டைச் செருகி, புது விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் மகள் பிறந்து, முப்பதாம் நாள் அக்கா வந்து குழந்தையை மடியில் வலது கையால் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ரெம்பியா வீட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாளாம். மாமா ஓடிவந்து தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் எடுத்தோம். செவ்வாய்க்கிழமை, அவளுடைய முறை நாள். அவளுக்கென்று இருந்த அந்த நாலு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு மிஸி வந்திருந்தார், வெள்ளை உடுப்போடு. கூட்டத்தில் எனக்கு அவர் வந்தது தெரியாது. எனக்கு அழுகையும் வரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, அதற்குள் காலையில் டவுனில் வாங்கிய சேலை. கலர்கூடப் பார்க்காமல் வாங்கியிருந்தேன்.

குளிப்பாட்டி முடித்ததும், காரியம் பார்க்கும் பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? கூடப்பொறந்தவன வரச் சொல்லுங்க."

இதற்கு வேறு ஆள் கிடையாது. மாமா போட முடியாது, அம்மா போட முடியாது. சேலையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். பெண்கள் ஒதுங்கினார்கள். அக்காவின் தலைமாட்டில் மிஸி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சேலையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"நீங்க தம்பியா?" என்றார்.

"ஆமா மிஸி" என்றேன்.

அவர் நகர்ந்து எனக்கு வழி விட்டார். நான் குனிந்து சேலையைப் போர்த்தினேன்.